பெத்தவங்க ஒத்துக்கிட மாட்டாங்க

பாரிஸ்டர் படிக்க லண்டன் போன வ.வே.சு. ஐயர், சாவர்க்கரின் கூட்டாளியாகி, பிரிட்டிஷ் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். பாரதிக்கும் அரவிந்தருக்கும் தோழர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். இப்படிப்பட்ட ஒருவர் 1922-ல் எங்கள் தாமிரபரணிக் கரைக்கு வந்து, வெள்ளைக்காரன் பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு, தமிழிலேயே பாடம், கூடவே கைத்தொழில், தோட்ட வேலை, உடற்பயிற்சி என்று ஒரு பள்ளி தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்துச் சேரன்மாதேவிக்குப் போன அந்தத் தமிழ்க் குருகுலத்துக்குக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 கொடுத்தது. செட்டிநாட்டிலிருந்தும் கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்களிடமிருந்தும் நன்கொடை வந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாதார்.

பள்ளியில் எல்லாம் பொது, சாப்பாட்டைத் தவிர. இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனி இடத்தில் இலை போட்டார்கள்.

ஐயரைப் பழைய பஞ்சாங்கம் என்று யாரும் சொல்ல முடியாது. தன் மட்டில் அவர் வித்தியாசம் பார்க்கிறவர் அல்ல என்பதை அவரோடு சண்டை போட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஏன் அந்தத் தனி இலை? அந்தப் பையன்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், சேர்க்கும்போது வாக்குக் கொடுத்துவிட்டேன், அதை எப்படி மீறுவது என்பது அவருடைய பதில்.

இந்தப் பதிலை முதன்முதலாக ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தியே தலை நரைத்தவள் நான். எந்தப் பள்ளிக்கு மாற்றல் ஆகிப் போனாலும் ஆசிரியர் அறையில் இந்த வாக்கியம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். "டீச்சர், நமக்கு ஒண்ணும் இல்ல. பெத்தவங்க ஒத்துக்கிட மாட்டாங்க." தண்ணீர்ப் பானைக்கு, சத்துணவு ஆயா நியமனத்துக்கு, பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பதற்கு, ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் யாருக்கு என்பதற்குக்கூட இதே வாக்கியம்தான். சொல்கிறவர் எப்போதும் நல்லவராகவே இருப்பார். தனக்கென்று எந்த வேற்றுமையும் இல்லாதவர். ஊருக்காகவும் பெற்றோருக்காகவும்தான் அவர் கவலைப்படுவார்.

குருகுலத்துக்குத் திரும்புகிறேன். தனிப் பந்தி விஷயம் 1924 கடைசியில் வெளியே கசிந்து, அடுத்த ஆண்டு முழுத் தீயாகப் பற்றியது. பிற்காலத்தில் சென்னை மாகாணப் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார் என்பதும், தண்ணீர் குடித்ததில் தனக்கு நேர்ந்ததை அவர் அப்பாவிடம் போய்ச் சொன்னார் என்பதும் இன்றுவரை சொல்லப்பட்டு வரும் செய்தி. சேலத்திலிருந்து வந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தன்னுடைய 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் ஈ.வெ. ராமசாமி மீதிப் பணத்தைத் தரமாட்டேன் என்று நின்றார். அவர் அப்போதுதான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக இரண்டு தடவை சிறை போய் வந்தவர். மலையாளத்துத் தெருவுக்காக ஜெயிலுக்குப் போனவர், தன் கட்சிப் பணத்தில் நடக்கும் பள்ளியிலேயே இரண்டு பந்தி என்றால் விடுவாரா?

1925 மார்ச்சில் காந்தி தென்னாட்டுப் பயணம் வந்தபோது வழக்கு அவரிடம் போனது. ஏற்கெனவே வாக்குக் கொடுத்த அந்த இரண்டு பையன்கள் மட்டும் தனியாகச் சாப்பிட்டுக்கொள்ளட்டும், இனிமேல் இப்படி நிபந்தனையோடு யாரையும் சேர்க்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு சமரசம் சொன்னார். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். வாக்கும் காப்பாற்றப்படும், கொள்கையும் காப்பாற்றப்படும். ஆனால் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற பத்து வயதுப் பையன் இந்த ஏற்பாட்டிலிருந்து என்ன கற்றுக்கொள்வான் என்ற கணக்கு அதில் இல்லை. பையன் பார்ப்பது இலையை. அந்த இலைக்குப் பின்னால் கடிதம் இருக்கிறதா, வாக்குறுதி இருக்கிறதா என்று அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? சமரசத்தை யாரும் ஏற்கவில்லை.

ஏப்ரல் மாதக் கடைசியில் திருச்சியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசியப் பணி செய்யும் எந்த நிறுவனத்திலும் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற தீர்மானத்தை எஸ். ராமநாதன் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் முதலானோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். குருகுலத்தின் பொறுப்பை ஐயர் மகாதேவ ஐயரிடம் விட்டார். மே 2-ஆம் தேதி ஈரோட்டில் பெரியாரின் 'குடிஅரசு' பத்திரிகை பிறந்தது. ஜூன் 3-ஆம் தேதி பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், அருவியைத் தாண்டப் பார்த்துக் கால் தவறிய மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்த ஐயர், மகளோடு தானும் போனார். வயது 44. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் தள்ளுபடியானதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குப் பின் தமிழ்நாட்டு அரசியல் எப்படித் திரும்பியது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வாழை இலைகளை நகர்த்திப் போட முடியாமல் ஒரு கட்சி இரண்டானது.

ஐயர் முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அதற்காக அந்தப் பள்ளியில் நடந்தது சரியாகிவிடாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளப் பழகுவதுதான் வரலாறு படிப்பதன் தொல்லை.

இந்தச் சண்டையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பேசப்பட்டதெல்லாம் பிராமணர் பந்தி, பிராமணரல்லாதார் பந்தி. சேரிப் பிள்ளை எந்தப் பந்தியில் என்ற கேள்வி முன்வரிசைக்கு வரவில்லை. இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல, என் பாட்டியிடமிருந்து தெரிந்தது.

என் குடும்பம் நஞ்சை நிலம் உள்ள நடுச்சாதிக் குடும்பம். எந்தச் சாதி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் மீதிக் கட்டுரையை வேறு கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிப்பார்கள். பாட்டிக்குக் குருகுலக் கதை நன்றாகத் தெரியும். அவளுடைய அண்ணன் ஒருவர் அந்தக் காலத்தில் கதர் கட்டியவர். "நம்ம பணம் வேணும், நம்ம பிள்ளை பக்கத்துல உக்காரக் கூடாதாக்கும்" என்று பாட்டி சொல்லும்போது ஐம்பது வருஷத்துக் கோபமும் அந்தக் குரலில் இருக்கும். அதே பாட்டிதான் புறவாசலில், தொழுவத்துக் கூரைச் சரிவில், ஓலைக்கு இடையே ஒரு சிரட்டையைச் செருகி வைத்திருப்பாள். நன்றாகச் சுரண்டி வழவழப்பாக்கிய சிரட்டை. அறுவடைக்கு வருகிற ஆட்கள் அதைத் தாங்களே உருவி எடுத்து, கழுவி, நீட்டுவார்கள். பாட்டி ஒரு முழம் உயரத்திலிருந்து கருப்பட்டிக் காப்பியை ஊற்றுவாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது, அத்தனை கை பழக்கம். குடித்து முடித்ததும் அவர்களே கழுவித் திரும்பவும் செருகிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. குரல் உயரவில்லை. "மாடன் மகளுக்குப் பிரசவம் ஆயிட்டா?" என்று பாட்டி அக்கறையாகத்தான் விசாரிப்பாள். மேலே இருக்கிறவன் தனக்குப் போட்ட தனி இலை ஐம்பது வருஷமாக உறுத்துகிறது, தன் கையால் செருகிய சிரட்டை கண்ணுக்கே தெரியவில்லை. சலுகை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் வேறு எந்த உதாரணத்தையும் தேடியதில்லை. ஆனால் இந்த உதாரணத்தை வகுப்பில் சொல்ல ஆரம்பித்தபோது என் சொந்தக்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறேனாம்.

பள்ளிக்கூடமும் பந்தியும் சேர்ந்த சண்டை தமிழ்நாட்டில் குருகுலத்தில் ஆரம்பிக்கவில்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், கிறிஸ்தவ சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று 1833-ல் கடிதம் எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. அரசுப் பள்ளிகளின் கதை வேறு மாதிரி. சட்டப்படி கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் இருந்த இடம் அக்கிரகாரம், கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி. தெருவுக்குள்ளேயே வர முடியாத பிள்ளைக்குத் திறந்த கதவால் என்ன பயன்? அப்படியும் யாராவது ஒரு சேரிப் பிள்ளையைச் சேர்த்தால், மற்றப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். பள்ளி காலியாகும், மானியம் போகும். ஆசிரியர் பயந்து பின்வாங்குவார். அங்கேயும் காரணம் பெற்றோர்தான்.

அதனால் தனிப் பள்ளிகள் வந்தன. கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாறு பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். யாராவது இடம் கொடுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, தாங்களே கட்டிக்கொள்வோம் என்று இறங்கிவிட்டார். அரசின் தொழிலாளர் துறை 1920-களில் ஆதி திராவிடர் குடியிருப்புகளில் பள்ளிகள் திறந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவற்றை 'லேபர் ஸ்கூல்' என்றே சொல்வார்கள். பின்னால் அவை அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் என்ற பெயரில் மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் இரண்டு மூன்று தலைமுறை எழுத்தறியாமலே போயிருக்கும். அந்தப் பள்ளிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மற்றவர் பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு ஒரு பாடத்தை இலவசமாகக் கற்பித்தது: அவர்கள் பள்ளி வேறு, நம் பள்ளி வேறு. எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத பாடம் அது.

அச்சான பாடம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் தெரியும், பாடநூலைத் திறந்ததும் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என்று மூன்று வாக்கியம் கண்ணில் படும். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. தேர்வுக்கு வராத பக்கம் அது. புத்தகம் வாங்கிய அன்றைக்கே பெயர் எழுதி, பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் பிள்ளைகள் நேராக முதல் பாடத்துக்குப் போய்விடுவார்கள். எழுதியது தப்பில்லை, இருக்கட்டும். அந்த வாக்கியங்களை நடத்த எங்களுக்கு ஒரு பீரியடுகூட ஒதுக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நிஜமாகவே சாதியைப் பற்றிப் பாடம் நடத்தியது சோறுதான். 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது, பசியைத்தான் எல்லாரும் பேசினார்கள். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக அலைந்து அரிசியும் பாத்திரமும் சீருடையும் திரட்டினார். ஆனால் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறும்போது குருகுலம் தோற்ற இடத்தில் அரசாங்கப் பள்ளி நின்றது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது.

வரிசை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் பள்ளிகளில் நான் பார்த்தது இது: மத்தியான மணி அடித்ததும் ஒரு கூட்டம் பையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு ஓடும். இன்னொரு கூட்டம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகும். தட்டா டிபனா என்பது வசதியைப் பொறுத்தது என்று புதிதாக வருகிற ஆசிரியைகள் நினைப்பார்கள். ஒரு மாசம் கவனித்தால் தெரியும். வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளை சிலரும் டிபன் கொண்டுவருவார்கள், பழைய சோறும் ஊறுகாயும். முட்டை போடுகிற நாளிலும் அவர்கள் தட்டு ஏந்தமாட்டார்கள். சமையல் செய்கிற அக்கா எந்தத் தெரு என்பதுதான் காரணம். 2023 செப்டம்பரில், காமராஜர் தொடங்கிவைத்த அதே எட்டயபுரம் வட்டாரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இட்ட சோற்றை வேண்டாம் என்று தள்ளச் சொல்லி ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்?

கைக்கயிறு கதை இதைவிட மோசம், ஆனால் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். தொண்ணூறுகளின் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு தென்மாவட்டத்துப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் நிறம் ஏறியது. எந்த நிறச் சேர்க்கை யாருக்கு என்று அஞ்சாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும், ஆசிரியருக்குத்தான் கொஞ்ச நாள் பிடிபடாது. காலைக் கூட்டத்தில் கத்தரியோடு நின்று வெட்டுவோம். வெட்டிய கயிறுகளைப் போட்டு வைக்க என் மேசை அறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. பாதி நிறைந்தபோது தூக்கிப் பார்த்தேன், கோயில் திருவிழாத் தோரணம் மாதிரி அழகாகவே இருந்தது. வெட்டினால் கணுக்காலுக்கு இறங்கும், அங்கேயும் பார்த்தால் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு, சட்டைக்குள் போடுகிற பனியனுக்கு, நெற்றிப் பொட்டுக்குப் போகும். நிறத்தைத் துரத்துவது எலி பிடிக்கிற வேலை.

2019 ஜூலையில் பள்ளிக்கல்வி இயக்குநர் இப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியது. ஆகஸ்டிலேயே அமைச்சர், இப்போது உள்ள நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். நான்கு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனைக் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்தது ஒன்றுதான். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்ட ஆசிரியர்களிடம், தனக்கு நடக்கிறதைச் சொன்னான். பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, கயிறு கூடாது, ஆசிரியர்களுக்கே பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் போட்டிருப்பேன். கைக்கயிற்றை வெட்டுகிற வாத்தியாரே "நம்ம பய, சூட்டிகையான பய" என்று ஒருவனையும் "அந்தத் தெருப் பய" என்று இன்னொருவனையும் சொல்வதைப் பையன்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பணியிடைப் பயிற்சியில் அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட்டைப் பற்றிச் சொன்னார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்ற சின்ன ஊரில், மூன்றாம் வகுப்பு வெள்ளைக்காரப் பிள்ளைகளை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சலுகை, இன்னொன்றுக்கு அவமானம் என்று நடத்திக் காட்டியவர். அடுத்த முறை இரண்டையும் மாற்றினார். பயிற்றுநர் அதை நம் வகுப்பிலும் செய்து பார்க்கலாம் என்றார். எனக்கு உடன்பாடில்லை. அந்த ஊரில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறம், வேற்றுமையைப் புதிதாகச் செய்து காட்ட வேண்டியிருந்தது. என் வகுப்பில் அது காலையில் அவர்களுக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. தவிர, நீலக்கண் விளையாட்டு மணி அடித்தால் முடிந்துவிடும்.

நான் செய்தது வேறு. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் பெரியார் பற்றிய பகுதியில் சேரன்மாதேவி குருகுலம் சில வரிகளில் வந்துபோகும். அந்த ஊர் எங்களுக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரம், வழியில் வீரவநல்லூர் வரும். பிள்ளைகளுக்கு அது பாடம் என்பதைவிடப் பக்கத்து ஊர்ச் சண்டை. ஆகவே வகுப்பைக் குருகுலமாக்கினேன். ஒருத்தன் ஐயர், ஒருத்தி வரதராஜுலு நாயுடு, ஒருத்தன் காந்தி, இரண்டு பேர் பெற்றோர், ஒருத்தன் சமையல்காரர். அவரவர் தரப்பை அவரவர் பேச வேண்டும். ஐயராக வந்தவன் நன்றாகப் பேசினான். வாக்குத் தவறக் கூடாது என்று அரிச்சந்திரனையே இழுத்துவிட்டான், பாதி வகுப்பு அவன் பக்கம் சாய்ந்தது. சமையல்காரர் வேஷக்காரனுக்குப் பேச ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவனாக எழுந்து, "நான் ஒரே பானையிலதான் பொங்குதேன். எலையப் பிரிச்சுப் போடுதது நீங்கதான்" என்றான்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அந்த ரெண்டு பேருகிட்ட யாராவது கேட்டாங்களா?"

எதை என்றேன்.

"தனியாச் சாப்பிடப் பிடிச்சிருக்கான்னு."

எத்தனை தலையங்கம், எத்தனை கடிதம், எத்தனை கமிட்டிக் கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அந்தப் பீரியடில் அதற்குமேல் நான் எதுவும் நடத்தவில்லை. நாளைக்குச் சாப்பாட்டு மணியில் யார் எங்கே உட்காருகிறீர்கள் என்று ஒவ்வொருத்தரும் ஒரு படம் வரைந்து கொண்டுவாருங்கள், பெயர் போட வேண்டாம், வட்டம் போட்டால் போதும் என்றேன். வேப்பமரம், குழாயடி, வராண்டாப் படி என்று வட்டம் வட்டமாக வந்தன. வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் எந்த வட்டம் யார் என்று தெரிந்தது.

படம் வீட்டுக்குப் போனால் சும்மா இருக்குமா? இரண்டாம் நாள் சில அப்பாக்கள் பள்ளிக்கு வந்தார்கள். வரலாற்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சாதி சொல்லிக் கொடுக்கிறார் என்பது புகார். அன்றைய தலைமையாசிரியர் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நமக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். வாக்கியத்தின் மீதியை நானே முடித்து வைத்தேன். பிறகு வந்தவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் நீட்டினேன். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, என் பிள்ளை இன்னார் பிள்ளை பக்கத்துல உக்காரக் கூடாது, இன்னார் சமைச்சதைச் சாப்பிடக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் அப்படியே மேல அனுப்பி வச்சிடுதேன்."

ஒருத்தரும் எழுதவில்லை. "எழுத்தெல்லாம் எதுக்கு டீச்சர்" என்றார்கள். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 1920-களில் இரண்டு பெற்றோர் வெளிப்படையாகக் கேட்டு, ஊரறிந்த ஒரு பெரிய மனிதரிடம் வாக்கே வாங்க முடிந்தது. இப்போது அதையே காதோடு காதாகத்தான் சொல்ல முடிகிறது. நூறு வருஷத்தில் நடந்தது இவ்வளவுதானா என்று என் மகன் கேட்டான். இவ்வளவும் நடந்திருக்கிறது என்று நான் சொன்னேன். இன்னும் எங்களுக்குள் அந்த வாதம் தீரவில்லை.

அந்த வருஷம் சில பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனார்கள். விலகும் காரணம் என்ற இடத்தில் பெற்றோர் விருப்பம் என்று கிளார்க் எழுதினார். அவர்களில் பாதிப் பேர் அடுத்த ஜூனில் பிளஸ் ஒன்னுக்கு எங்களிடமே திரும்பினார்கள், அங்கே ஃபீஸ் கட்டி முடியவில்லை. வந்த அன்றைக்கே அகரவரிசைப்படி உட்காரவைத்தேன்.